நம் அழற்சியில் செழிக்கும் கிருமி

சரியாக வேகாத முட்டையிலோ கறியிலோ சால்மோனெல்லா என்ற கிருமி வயிற்றுக்குள் போய்விடுகிறது. குடலில் ஏற்கெனவே கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஆக்சிஜன் இல்லாமலே, நார்ச்சத்தை நொதிக்கவைத்துப் பிழைப்பவை அவை. இருக்கிற உணவை அவையே தீர்த்துவிடுவதால், புதிதாக வந்த கிருமிக்குப் பிழைக்க வழியில்லை.

அதனால் அது உடலைச் சீண்டுகிறது. ஊசி போன்ற ஓர் அமைப்பின் வழியாகக் குடற்சுவர்ச் செல்களுக்குள் தன் புரதங்களைச் செலுத்துகிறது. உடல் சும்மா இருக்குமா? அழற்சி மூள்கிறது. வெள்ளை அணுக்கள் குடலுக்குள் பாய்ந்து, கிருமியைக் கொல்ல வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களைக் கொட்டுகின்றன. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வருகின்றன.

இனிமேல்தான் கவனிக்க வேண்டும். குடியிருக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளிவிடுகின்றன. அது நச்சு என்பதால் குடற்சுவர்ச் செல்கள் அதைத் தயோசல்ஃபேட்டாக மாற்றிவிடுகின்றன. வெள்ளை அணுக்கள் கொட்டிய சேர்மங்கள் பட்டதும் அது டெட்ராதயோனேட் ஆகிறது. சால்மோனெல்லா அதை ஆக்சிஜனுக்குப் பதிலாக வைத்துச் சுவாசிக்கிறது! நொதித்தலைவிடச் சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் அதிகம். நொதித்துப் பிழைப்பவை பின்தங்க, அது பெருகுகிறது. கிருமியைக் கொல்ல உடல் எடுத்த ஆயுதமே அதை வளர்க்கிறது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லரின் குழு 2010-இல் எலிகளில் இதைக் காட்டியது. மலத்திலிருந்து சால்மோனெல்லாவைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் 1923 முதலே டெட்ராதயோனேட் கலந்த கரைசலைப் பயன்படுத்திவந்தன. அதே பொருள் அழற்சி கண்ட குடலிலேயே உருவாகிறது என்பது தெரிய இத்தனை காலம் ஆயிற்று.

இரும்பிலும் இதே கதைதான். பாக்டீரியாக்கள் இரும்பைச் சேகரிக்கச் சுரக்கும் பொருளை, அழற்சியின்போது உடல் லிப்போகாலின்-2 என்ற புரதத்தால் பிடித்துவைக்கிறது. சால்மோனெல்லாவோ அந்தப் பிடியில் சிக்காத சால்மோகெலின் என்ற வேறொன்றையும் தயாரிக்கிறது.

அப்படியானால் நமக்குக் காவல் யார்? அந்தப் பழைய குடிகள்தான். எலிக்கு நோய் தொற்ற ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்ட இடத்தில், ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துக் குடல் பாக்டீரியாக்களைக் குறைத்தபின் பத்துக்கும் குறைவானவையே போதுமாயின. 1950-களிலேயே தெரிந்த உண்மை இது.

ஆகவே, வயிற்றுப்போக்கு என்றதும் மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடாதீர்கள். முதலில் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் குடியுங்கள். கைக்குழந்தை, முதியவர், கடும் காய்ச்சல், மலத்தில் ரத்தம் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். மருந்து வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.