பேசி முடித்த பேச்சுக்கு ஒரு முத்திரை

தாராவியில் தோல் பை தைத்துக் கொடுக்கும் ஒருவருக்கு, வியாபாரி கொடுத்த 80,000 ரூபாய் செக் திரும்பி வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மும்பையில் நம் தமிழ் ஆட்கள் எடுத்தவுடன் கோர்ட்டுக்குப் போவதில்லை. ஊர்க்காரர் நாலு பேரைக் கூட்டி உட்காருவார்கள். டீ வரும், சத்தம் வரும், கடைசியில் ‘மாசம் பத்தாயிரம்’ என்று ஒரு முடிவும் வரும். தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிடும். இரண்டாவது மாதமே பணம் நின்றுபோனால்? மறுபடியும் நாலு பேர், மறுபடியும் டீ.

இதே பேச்சை லோக் அதாலத்தில் பேசி முடித்தால் கதை வேறு. தமிழில் மக்கள் நீதிமன்றம் என்கிறோம். மும்பையில் லோக் அதாலத் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி நடப்பது இது. பதவியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதியோடு வக்கீலோ சமூக சேவகரோ உட்கார்ந்திருப்பார்கள். அவர்களாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. இரு தரப்பும் சம்மதித்தால்தான் முடிவு; இல்லையென்றால் வழக்கு வந்த கோர்ட்டுக்கே திரும்பிவிடும். கட்டணம் கிடையாது. நடக்கும் சிவில் வழக்கு இங்கே முடிந்தால், கட்டிய கோர்ட் ஃபீஸ்கூடத் திரும்பக் கிடைக்கும்.

அந்த முடிவுக்கு சிவில் கோர்ட் டிக்ரியின் பலம் உண்டு. கேரளத்தில் ஒரு செக் வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாகி, தவணை கட்டாமல் போனது. டிக்ரியாக நிறைவேற்ற முடியாது என்று கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் கைவிரித்தன. முடியும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

வாடகை டெபாசிட், கடன் பாக்கி, விபத்து நஷ்டஈடு எல்லாம் இங்கே பேசலாம். வழக்குப் போடும் முன்பே போகலாம். சமரசம் செய்யச் சட்டம் இடம் தராத கொலை போன்ற குற்றங்கள் இங்கே வராது. தாராவியும் மாதுங்காவும் மும்பை நகர மாவட்டம், செம்பூர் புறநகர் மாவட்டம். வழக்குப் போடும் முன்பு போவதானால் அந்தந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் மனு கொடுக்க வேண்டும். 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

செக் விஷயத்தில் மட்டும் நாள் எண்ணிக்கொண்டே பேசுங்கள். செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். பேச்சு நடக்கிறதே என்று இருந்தால் கெடு தாண்டிவிடும்.

லோக் அதாலத் முடிவின் மேல் அப்பீல் கிடையாது என்பதால் கையெழுத்துப் போடும் இடத்தில்தான் அவசரம் கூடாது. தாள் மராத்தியிலோ இங்கிலீஷிலோ இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துப் போய், வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்கு எவ்வளவு என்று இருக்கிறதா, ‘ஒரு தவணை தவறினாலும் பாக்கி முழுவதையும் ஒரேயடியாகத் தர வேண்டும்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பேனாவைத் திறப்பதற்கு முன்பே எழுதச் சொல்லுங்கள்.