இலையைப் பார்த்து நம்ப வேண்டாம்

மும்பையில், தாராவியின் வடக்கு விளிம்பில், மித்தி ஆற்றங்கரையில் நிற்கும் அலையாத்திக் காடு சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையிலிருந்து பார்த்தால் செழிப்பாகத்தான் தெரியும். அந்தப் பச்சையை வைத்துக் காடு நலமாக இருக்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

அங்கே பெரும்பாலும் இருப்பது வெண்கண்டல். மராத்திக்காரர்கள் திவர் என்பார்கள். மாஹிம் கழியில் கலக்கும் சாக்கடையையும் தாங்கி நிற்கும் முரட்டு மரம். உறிஞ்சிய உப்பை இலை வழியே கக்கிவிடும். சேற்றுக்குள் காற்று இல்லாததால் விரல் பருமனில் எண்ணற்ற மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டி வைத்திருக்கும். கடல்நீர் வற்றும் நேரத்தில் அவற்றின் நுண்துளைகள் வழியாகக் காற்று உள்ளே இறங்கும். காட்டின் உயிர் இலையில் இல்லை, அந்த மூச்சுவேர்களின் ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக், எண்ணெய்ப் படலம், கட்டட இடிபாடு என எது வேரை மூடினாலும் மரத்துக்கு மூச்சு முட்டும். ஆனால் உடனே பட்டுப்போகாது. வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நிலத்தின் மீது கண் வைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கோடரி எடுத்தால் வழக்கு வரும். கடல்நீர் வந்துபோகும் வாய்க்காலை மண்ணிட்டு அடைத்தால் மரம் தானாகக் காயும். பக்கத்திலேயே, மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவைக் குப்பைமேட்டின் மீது மரம் நட்டு உருவாக்கி 1994இல் திறந்தார்கள். அது நல்ல காரியம். ஆனால் கடல்நீர் வரத்து அறுந்த இடத்தில் வெண்கண்டலை எத்தனை நட்டாலும் பிழைக்காது.

அலையாத்தியை அழிப்பது வாழ்வுரிமையைப் பறிப்பது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. சுற்றிலும் 50 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது. பொதுநலத் திட்டம் என்றால் மட்டும் நீதிமன்ற அனுமதியோடு விலக்கு. அந்த வாசல் சின்னதல்ல: 2022 டிசம்பரில் புல்லட் ரயிலுக்காக 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அலையாத்தி மரங்களை வெட்ட அனுமதி கிடைத்தது.

சதுப்பை இழந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நகரம் ஏற்கெனவே கண்டிருக்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கடலும் பொங்கி நிற்க, மித்தியின் வெள்ளம் வடிய வழியின்றி ஊருக்குள் ஏறியது. அதைத் தாங்கியிருக்க வேண்டிய சதுப்பின் மீதுதான் அக்கரையில் பாந்த்ரா–குர்லா வளாகம் நிற்கிறது.

இப்போது தாராவி மறுசீரமைப்பில் உள்ளூரிலேயே வீடு பெறத் தகுதியில்லை எனப்படுபவர்களுக்காக முலுண்ட், பாண்டுப், காஞ்சூர்மார்க் பக்கத்து உப்பளங்களில் சுமார் 256 ஏக்கர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவையும் மழைநீர் தேங்கி வடியும் தாழ்நிலங்கள்.