என் நாயகனுக்கு ஊர் கிடையாது

நான் காதல் நாவல் எழுதுகிறவள். இருப்பது பெரம்பலூர், பிறந்தது அரியலூர் பக்கம். இதுவரை 14 நாவல்கள் முடித்திருக்கிறேன். எல்லாம் புனைபெயரில். எங்கள் தெருவில் இந்த விஷயம் தெரிந்தவர்கள் நாலே பேர். அதில் ஒருவர் என் மாமியார். "எந்நேரமும் போன்ல என்னமோ எழுதிக்கிட்டே இருக்கா" என்பதுதான் என் எழுத்துப் பணியைப் பற்றி அவருடைய கருத்து.

"காதல் கதை எழுதுறதுல அப்படி என்னடி கஷ்டம்?" என்று பழைய தோழி ஒருத்தி கேட்டாள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தபோது கஷ்டங்களை நாலாகப் பிரிக்க முடிந்தது. நேரம், பணம், மரியாதை, அப்புறம் இன்னொன்று. அந்த நாலாவதைச் சொல்லத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் முதல் மூன்றைச் சொல்லாமல் அங்கே போக முடியாது.

முதலில், இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நான் படிக்க ஆரம்பித்த காலத்தில் காதல் நாவல் என்றால் பஸ் ஸ்டாண்ட் கடையில் க்ளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல். இல்லையென்றால் வாடகை நூலகத்தில் பைண்ட் செய்து வைத்திருக்கும் ரமணிச்சந்திரன். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர் அவர். இன்றைக்கு எழுதும் எங்களில் பாதிப்பேர் அவரைப் படித்து வளர்ந்தவர்கள்.

இப்போது எல்லாம் இணையத்தில். கதைத் தளத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று அத்தியாயம் போடுவோம். அதற்குப் பெயர் 'யூடி'. அப்டேட் என்பதைத்தான் அப்படிச் சுருக்கிவிட்டார்கள். ஒரு நாள் யூடி வரவில்லை என்றால் "ரைட்டர் மேம், எங்க போனீங்க?" என்று கமெண்ட் வரும். கதை முடிந்ததும் தளத்திலிருந்து எடுத்துவிட்டு மின்நூலாகவோ அச்சுப் புத்தகமாகவோ போடுவோம். 2016 டிசம்பரில் கிண்டிலில் தமிழுக்கு முறையான இடம் கிடைத்த பிறகு, பதிப்பாளர் வாசலில் போய் நிற்காமலே புத்தகம் போடலாம் என்று ஆனது. என்னைப் போன்ற எத்தனையோ பேர் எழுத வந்தது அந்த வழியாகத்தான்.

நேரம்

வீட்டுக்காரருக்கு அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. காலை ஷிப்ட் என்றால் நாலரைக்கு எழுந்தால்தான் சாப்பாடு கட்ட முடியும். பிள்ளைகள் கிளம்பி, துணி துவைத்து, மதியச் சமையலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைக்கும். அதுவும் கரண்ட் ஆளுக்கோ கேஸ் ஆளுக்கோ போய்விடும். அதனால் பாதிக் கதையைப் போனில் பேசித்தான் எழுதுகிறேன். சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே "அவன் தோளில் சாய்ந்தாள்" என்று சொன்னேன். போன் "அவன் தேளில் சாய்ந்தாள்" என்று எழுதி வைத்திருந்தது. கவனிக்காமல் யூடி போட்டுவிட்டேன். அன்றைக்கு வந்த கமெண்டுகளை இன்றைக்கும் மறக்கவில்லை.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. 1901-இல் பிறந்த வை.மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிக்கூடமே போகாதவர். ஐந்தரை வயதில் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்கள். கதை மனதில் ஓடும், ஆனால் கையால் எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 'இந்திர மோகனா' நாடகம் வந்தது அப்படித்தான். பிறகு தானே எழுதப் பழகி, 1925 முதல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். எனக்குப் பட்டம்மாள் கிடைக்கவில்லை, போன்தான் கிடைத்தது. தேளோடு சமாளிக்க வேண்டியதுதான்.

பணம்

சந்தா கட்டிப் படிக்கும் மின்நூல் திட்டங்களில் புத்தகத்துக்கு விலை என்று ஒன்று கிடையாது. வாசகர் எத்தனை பக்கம் புரட்டினார் என்று கணக்கெடுத்து, அதற்குத் தகுந்த பங்கு எழுத்தாளருக்கு வரும். அதனால்தான் இரண்டு பக்கத்தில் முடிய வேண்டிய ஊடலை நாங்கள் இருபது பக்கம் இழுக்கிறோம். இதைப் படிக்கிற என் வாசகர்கள் மன்னிக்கவும். ஒரு மாதம் எனக்கு வந்தது 2,340 ரூபாய். அதற்கு அடுத்த மாதம் 900 சொச்சம்.

அப்புறம் திருட்டு. காலையில் மின்நூல் ஏற்றினால் சாயங்காலம் அது பிடிஎஃப் ஆகி ஏதாவது ஒரு குழுவில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருமுறை எங்கள் சொந்தக்காரப் பெண்ணே எனக்கு ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். "அக்கா, இவங்க நல்லா எழுதுறாங்க, படிச்சுப் பாருங்க." திறந்து பார்த்தால் என் நாவல்! சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய உடனே உரிமை நமக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. எழுதியவர் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு நீடிக்கும். சட்டப்படி என் பேரப்பிள்ளைகள் வரைக்கும் தாங்கவேண்டிய உரிமை, நடைமுறையில் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்குவதில்லை.

மரியாதை

எழுத்தாளர் லட்சுமி எங்க ஜில்லாக்காரர் என்று நான் பெருமையடித்துக்கொள்வது உண்டு. அவர் 1921-இல் பிறந்த தொட்டியம் திருச்சி ஜில்லா. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரைக்கும் அதே ஜில்லாதான். இயற்பெயர் திரிபுரசுந்தரி. டாக்டருக்குப் படிக்கும்போது, இரண்டாம் உலகப்போர் நேரத்துப் பண நெருக்கடியில், படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் எழுத ஆரம்பித்தவர். குடும்ப நாவல் எழுதுகிறவர் என்று ஓரமாக வைக்கப்பட்டவருக்குத்தான் 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காக சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

என்றாலும், எங்களைக் குறை சொல்கிறவர்கள் சொல்வது எல்லாமே பொய் என்று சொல்ல மாட்டேன். 'ஆன்டி ஹீரோ' கதை என்று ஒரு வகை உண்டு. நாயகன் அவளைக் கடத்துவான், பலவந்தமாகத் தாலி கட்டுவான், அடிப்பான். முப்பதாவது அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயதுச் சோகம் தெரியவரும். அவள் மன்னித்துவிடுவாள். நானும் அப்படி ஒன்று எழுதியிருக்கிறேன். என் 14 நாவல்களில் அதிகம் பேர் படித்தது அதுதான். அதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

இனி நாலாவது

என் நாயகர்கள் எல்லாரும் கோயம்புத்தூரிலோ, ஊட்டியிலோ, சென்னை ஈ.சி.ஆரிலோ இருக்கிறார்கள். பெரிய கம்பெனி, பெரிய பங்களா. இது நம் ஊர் எழுத்தாளர்களின் கண்டுபிடிப்பு மட்டும் இல்லை. 1908-இல் லண்டனில் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் காலாகாலமாகப் பணக்கார நாயகனை வைத்து வியாபாரம் செய்திருக்கிறது. ஆனால் எங்கள் நாயகன் ஊர் மாறிப் போனதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது.

பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் ஒருவரைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி "ஊர்ல எந்தத் தெரு?" தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாதி தெரிந்துவிடும். ஊரா காலனியா என்பதில் மீதியும் தெரிந்துவிடும். ஆகவே என் நாயகனுக்கு இங்கே ஒரு வீடு கொடுத்தால், கூடவே சாதியையும் கொடுத்தாக வேண்டும். கொடுத்துவிட்டால் அவன் எல்லாருக்கும் நாயகன் இல்லை. சிலருக்கு நம்மாள், சிலருக்கு வேற்றாள். அதனால் அவனை ஊட்டிக்கு அனுப்பிவிடுகிறோம். 14 நாவல்களில் ஒரு நாயகன்கூட சாதிச் சான்றிதழ் வாங்க தாலுகா ஆபீசில் நின்றதில்லை.

இது எல்லாராலும் முடியாத காரியமில்லை. எங்கள் அரியலூர் மாவட்டத்துப் பழுவூரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரியவைத்தது 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. அதில் பழுவூர் இளைய ராணி நந்தினியின் வாழ்க்கை கெட்டதே அவள் பிறப்பைப் பற்றிய கேள்வியால்தானே? பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2013-இல் வந்தது. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டவர்களின் கதை. சாதிப் பெயர் சொல்லாமலே எழுதியிருக்கிறார், ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சாதி நிற்கிறது. நாங்கள் பெயரையும் சொல்வதில்லை, ஆளையும் உள்ளே விடுவதில்லை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தும் பெரிதாகப் படவில்லை. உறைத்தது ஒரு மெசேஜ் வந்தபோதுதான். வழக்கமாக என் யூடிக்கு இதயம் போடும் ஒரு பெண். அனுப்பியது ஒரே வரி: "அக்கா, உங்க கதையில எல்லாம் கடைசியில வீட்டுல ஒத்துக்குறாங்களே, எப்படிக்கா ஒத்துக்குறாங்க?"

கதையைக் கேட்கவில்லை என்று புரிந்தது. ஒவ்வொரு நாவலாக யோசித்துப் பார்த்தேன். ஒன்றில் அப்பாவுக்கு மாரடைப்பு வருகிறது, நாயகன் ரத்தம் கொடுக்கிறான். இன்னொன்றில் அவன்தான் அத்தை மகன் என்று தெரியவருகிறது. இன்னொன்றில் பாட்டி ஒரு அதட்டல் போடுகிறாள். அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல உருப்படியாக ஒன்றுகூட இல்லை. எங்கள் பக்கத்து நிஜக் காதல் கதைகள் பேப்பரில் மூன்று வரியில் வரும். "காதல் ஜோடி போலீசில் தஞ்சம்." பெற்றோரை அழைத்துப் பேச்சுவார்த்தை, பெண் கணவனோடு போவதாகச் சொன்னாள், முடிந்தது. நான் முன்னூறு பக்கம் எழுதும் கதைக்கும் அந்த மூன்று வரிக்கும் எந்த உறவும் இல்லை.

மூன்று நாள் பதில் போடவில்லை. அப்புறம் எழுதினேன்: "கதையில நான் ஒத்துக்க வெச்சேன்மா. நெஜத்துல எப்படின்னு எனக்குத் தெரியல." அதோடு விட மனசு வரவில்லை. தேடிப் படித்ததையும் சேர்த்து அனுப்பினேன். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால், 1967-இல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தப்படி புரோகிதர் இல்லாமலே கல்யாணம் செல்லும். வேறு வேறு மதம் என்றால் 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். அதில் 30 நாள் முன்னறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டுவார்கள், ஊருக்குத் தெரிந்துவிடும், ஜாக்கிரதை. 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில், வயது வந்த இருவர் சேர்ந்து வாழ முடிவெடுத்தால் குடும்பத்தின் சம்மதமோ சமூகத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிரட்டல் உள்ளவர்களைப் பாதுகாக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வைக்கச் சொல்லியும் உத்தரவு. பெண்கள் உதவிக்கு 181.

"சரிக்கா" என்று மட்டும் பதில் வந்தது. பதினாலு நாவலில் நான் எழுதாத விஷயத்தை ஒரே மெசேஜில் எழுதியிருந்தேன். அது அவளுக்குப் போதுமா என்று தெரியவில்லை.

பதினைந்தாவது நாவலை இந்த ஊரிலேயே வைத்திருக்கிறேன். நாயகி பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். நாயகன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் டிப்பர் லாரி ஓட்டுகிறான். சட்டை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. மூன்றாவது யூடியில் அவள் அவனிடம் "ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்கிறாள். அவன் சொல்கிறான். அந்த ஒரு வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது.

வியூஸ் பாதியாகக் குறைந்துவிட்டது. "மேம், லாரி டிரைவரா? பழைய மாதிரி எழுதுங்க" என்று ஒருவர். "இதெல்லாம் கதையில எதுக்கு? ரிலாக்ஸா படிக்கத்தான வர்றோம்" என்று இன்னொருவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க வீட்டில் மாரடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் போனை எடுப்பவருக்கு ஊட்டி பங்களா தேவைப்படுகிறது. எனக்கும் ஒரு காலத்தில் தேவைப்பட்டதுதான்.

ஏழு யூடி முடிந்திருக்கிறது. அந்தப் பெண் ஏழுக்கும் இதயம் போட்டிருக்கிறாள். கமெண்ட் எதுவும் எழுதவில்லை. எட்டாவதில் அவன் அவள் வீட்டுக்கு வந்து பேசப்போகிறான். அவள் அப்பா என்ன சொல்வார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. மாரடைப்பு மட்டும் வரவைக்கப் போவதில்லை.