படம் மறந்தது, சோகம் மறக்கவில்லை

கல்குடா வாசகர் ஒருவர் கேட்கிறார்: 2004 சுனாமியில் மகனைப் பறிகொடுத்த தாய், இப்போது டிமென்ஷியாவோடு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். "தம்பி எங்க?" என்று ஓயாமல் கேட்கிறார். பராமரிப்பாளர்கள் உண்மையைச் சொல்லலாமா? எப்படியும் மறந்துவிடுவார்தானே?

செய்தி மறந்துபோகும். துயரம் போகாது.

2014இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் நோய் உள்ள 17 பேருக்குச் சோகமான படக் காட்சிகளைக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கழித்து, பார்த்தது என்னவென்று கேட்டால் பெரிதாக ஒன்றும் நினைவில்லை. சோகம் மட்டும் அரைமணி வரை தங்கியது. இதைவிட வியப்பு, படம் எவருக்குக் குறைவாக நினைவிருந்ததோ அவருக்கே சோகம் கூடுதலாக நீடித்தது!

நடந்ததைப் பதிவுசெய்வது மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. நோய் முதலில் அரிக்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. உணர்ச்சியை எழுப்பும் சுற்றுகள் வேறு. 'பார்த்தது வெறும் படம்தானே' என்று நாம் மனதை ஆற்றிக்கொள்வோம். காரணமே நினைவில்லாதவர் எதைச் சொல்லி ஆற்றுவார்?

மண்சட்டியில் மீன்குழம்பு வைப்பவர்களுக்கு இது புரியும். விறகை இழுத்த பிறகும் சட்டி கொதிக்கும். பிந்தி வருகிறவர் நெருப்பில்லாத அடுப்பைப் பார்த்துவிட்டு, குழம்பில்தான் கோளாறு என்பார். பணி மாறி வரும் பராமரிப்பாளரின் நிலையும் அதுதான். சட்டியை அதட்டினால் ஆறாது. மூடியைத் திறந்து ஆவி போக விட வேண்டும்.

பதினேழு பேர் சிறிய தொகை. படத்தின் சோகமும் பிள்ளையின் சாவும் ஒன்றல்ல. ஆனாலும் ஆய்வின் முடிவை நான் நம்புகிறேன்.

மருந்து உதவாதா என்று கேட்கலாம். 2023இல் அமெரிக்கா முழு அனுமதி அளித்த லெகானமாப் என்ற அல்சைமர் மருந்தைத் திருப்புமுனை என்றார்கள். பதினெட்டு மாதச் சோதனையில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் அதனால் கிடைத்த வித்தியாசம் 0.45 புள்ளி. அதுவும் ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கே. கல்குடாத் தாய்க்கு அதில் ஒன்றுமில்லை.

"மகன் செத்துட்டார் பெத்தா" என்று திருத்தினால், ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் சாவு. "கடைக்குப் போயிருக்கார்" என்ற பொய்யும் வேண்டாம். வாசலைப் பார்த்துப் பதறிக்கொண்டே இருப்பார். முன்னால் வந்து உட்கார்ந்து, "மகனத் தேடுதா பெத்தா? அவருக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேளுங்கள். மரியாதை குறையாமல் கேளுங்கள். 2009இல் வெளிவந்த கன்சாஸ் ஆய்வில், குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பேசியபோது முதியவர்கள் பராமரிப்பை எதிர்க்கும் வாய்ப்பு இரு மடங்கானது.

பின்நேரம் அழுகிறாரா? தூக்க மாத்திரையைத் தேடுமுன், சற்று முன் அவரிடம் யார் என்ன சொன்னார்கள் என்று விசாரியுங்கள். அதைப் பணிப் பதிவேட்டிலும் எழுதி வையுங்கள்.