அச்சமும் அவதானமும்

கல்லூரி விழா மலருக்கு எழுதும் பழைய மாணவர்கள் விடுதி நினைவுகளையும் விளையாட்டுப் போட்டிகளையும் எழுதுவதே வழக்கம். யானும் அவ்வாறே எழுத எண்ணியிருந்தேன். ஆயினும், விடுதியில் என் கட்டிலுக்கு அடுத்த கட்டிலில் உறங்கிய நண்பர் ஒருவர் அண்மையிற் பட்ட பாடும், அதிலிருந்து அவர் மீண்ட வகையும் நம்மவர் பலருக்குப் பயன்படுமென்று தோன்றியமையால், அவருடைய இசைவுடன் இதனை எழுதலானேன். பெயர் மட்டும் வேண்டாமென்றார். யான் வைத்தியன் அல்லேன். அறிந்தோரைக் கேட்டும் நூல்களைப் பார்த்தும் தெளிந்தவற்றையே ஈண்டுக் கூறுகின்றேன்.

நண்பர் கல்முனையைச் சேர்ந்தவர், ஆசிரியர். நோன்புப் பெருநாளன்று அவர் இல்லத்தில் விருந்துண்ணாதவர் எம் வகுப்பில் எவருமிலர். ஐம்பது வயதைக் கடந்தபொழுது அவருடைய உடல் எடை 120 கிலோவை எட்டிவிட்டது. நீரிழிவும் இரத்த அமுக்கமும் உடன் வந்தன; உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயும் சேர்ந்தது. உணவுக் கட்டுப்பாடும் மருந்தும் போதாவென்று கண்ட வைத்தியர்கள் எடைக் குறைப்புச் சத்திரசிகிச்சையை எடுத்துரைத்தனர். கொழும்பிற் சத்திரசிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய பத்தாம் நாள் இரவு இரண்டு மணிக்கு என் தொலைபேசி ஒலித்தது. "மச்சான், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. உள்ளே தையல் விட்டுப் போயிற்றோ தெரியவில்லை" என்றார்.

அவருடைய அச்சத்தின் அடிப்படையை அறிவதற்கு, அச்சிகிச்சை யாதென முதலில் அறிதல் வேண்டும். 1960களில் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் எட்வேட் மேசன் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், இரைப்பைப் புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்ட பெண்கள் பின்னர் மெலிந்தே இருப்பதைக் கவனித்தார். அக்கவனிப்பிலிருந்து 1966இல் பிறந்ததே இரைப்பை மாற்றுவழிச் சிகிச்சை. இதில் இரைப்பையின் மேற்பகுதி ஒரு சிறு பையாகப் பிரிக்கப்பட்டுச் சிறுகுடலோடு நேரே இணைக்கப்படுகிறது. இக்காலத்திற் பெருவழக்காயுள்ள மற்றொரு முறையில், இரைப்பையின் முக்காற் பங்கு அல்லது அதற்குச் சிறிது மேல் வெட்டி அகற்றப்பட்டு, எஞ்சியது ஒரு குழாய்போல் நிற்கின்றது. இரண்டும் இன்று பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகவே செய்யப்படுகின்றன. நண்பருக்குச் செய்யப்பட்டது மாற்றுவழிச் சிகிச்சை.

வெட்டி இணைத்த இடத்திற் கசிவு, குருதிப் பெருக்கு, காலின் நாளங்களிற் குருதி உறைந்து நுரையீரலுக்குச் செல்லல் ஆகிய மூன்றுமே தொடக்க நாட்களின் பெரும் இடர்கள். இவை எத்துணைப் பேருக்கு நேர்கின்றன? அமெரிக்காவில் பத்து நிலையங்களில் 4,776 நோயாளரைத் தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வொன்று, மாற்றுவழிச் சிகிச்சையோ இரைப்பைப் பட்டியோ பெற்றவருள் முதல் முப்பது நாளில் இறந்தோர் ஆயிரத்துக்கு மூவர் என்றும், பெரிய இடர் ஒன்றையேனும் அடைந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வர் என்றும் கூறிற்று. அவை தேர்ச்சி மிக்க நிலையங்கள் என்பதையும் மறத்தலாகாது. மறுபுறம், சுவீடன் நாட்டில் 1987இல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, சிகிச்சை பெற்றோரிடையே இறப்பு, பெறாத பருமனுடையோரைவிட ஏறத்தாழக் காற்பங்கு குறைவெனச் சராசரி பதினோராண்டளவு கவனித்து 2007இல் அறிவித்தது.

இக்கணக்கை நண்பர் முன்னரே அறிவார். சத்திரசிகிச்சைக்கு ஒப்பமிடுமுன் கேட்டறிந்தவரே. ஆயினும் நள்ளிரவில் மனம் கணக்குப் பார்ப்பதில்லை. 2024 ஏப்பிரலில் சென்னைக்கு அண்மையில் இத்தகைய சிகிச்சைக்கெனச் சென்ற இளைஞர் ஒருவர் உயிரிழந்த செய்தி தமிழ்ப் பத்திரிகைகளிற் பரவலாக வந்தது. அச்செய்தியே அவர் கண்முன் நின்றது. நலமாக வீடு திரும்பிய ஆயிரவரைப் பற்றி எப்பத்திரிகையும் எழுதுவதில்லை அன்றோ! போதாக்குறைக்கு, அவருக்குச் சிகிச்சை செய்தவர் முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தார்.

இவ்விடத்தே அச்சத்தின் இயல்பை நோக்குவோம். அஞ்சும்பொழுது இதயம் விரைந்து துடிக்கும்; மூச்சு மேலெழும்; வியர்க்கும்; வயிறு பிசையும். இவற்றை நோயின் குறிகளென்று எண்ணினால் அச்சம் பெருகும். அச்சம் பெருகக் குறிகளும் பெருகும். இச்சுழலிற் பட்டவன் தன் உடலை நொடிக்கு நொடி உற்றுக் கேட்பான். அவ்வாறு கேட்பவனுக்கு எவ்வுடலும் ஏதேனும் ஓர் ஒலி கொடுத்தே தீரும்.

கல்முனைக் கரையோரத்தார்க்கு இது புதிதன்று. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு முதலிய ஊர்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் நெடுங்காலம், "கடல் வருகிறது" என்று எவரேனும் கூவினாற் போதும். மக்கள் திசை தெரியாது ஓடினர். பின்னர் எச்சரிக்கை ஏற்பாடுகள் வந்தன. எந்தப் பாதையால் எங்கே செல்வது என்பதும் ஊராருக்குத் தெரியலாயிற்று. 2012 ஏப்பிரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபொழுது எச்சரிக்கை கிடைத்தது, மக்கள் அகன்றனர், அழிவு தரும் அலை வரவில்லை, வீடு திரும்பினர். அச்சம் அற்றுப்போகவில்லை. ஆனால், எது குறி, எது வழி என்பது தெரிந்தமையால், அச்சம் அவதானமாக மாறிற்று. நோயாளிக்கும் வேண்டியது இதுவே. "அஞ்சாதே" என்பது அறிவுரையாகாது. அச்சத்திற்குக் குறியும் வழியும் காட்டுவதே அறிவுரை.

அன்றிரவு அவருடைய மனைவியார் வைத்தியசாலையிற் கொடுத்த தாளை அலுமாரியிலிருந்து தேடியெடுத்தார். குறிகள் யாவும் அதில் எழுதப்பட்டிருந்தன. அதுவரை எவரும் விரித்துப் பார்க்கவில்லை! அவற்றைத் தொகுத்துரைப்பின்: ஓய்ந்திருந்தும் விரைவு தணியாத நாடி, 100.4 பாகை பரனைற்றுக்கு மேற்பட்ட காய்ச்சல். குறையாது கூடிவரும் வயிற்று வலி அல்லது இடது தோள் வலி. மூச்சுத் திணறல் அல்லது நெஞ்சு வலி. ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் வலியும். குருதி வாந்தி அல்லது கருமலம். நீரும் தங்காத வாந்தி. நாடி நிமிடத்திற்கு 120க்கு மேல் நிலைத்து நிற்குமாயின், அதனைப் பயமென்று எவரும் தள்ளிவிடலாகாது. உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தாற் 'சுவசெரிய' இலவச நோயாளர் வண்டி வரும்.

மனைவியார் நாடியை எண்ணினார்: 96. வெப்பமானி காய்ச்சலில்லை என்றது. தாளிலுள்ள வேறெந்தக் குறியும் இல்லை. அரைமணி கழித்து எண்ணினார்: 82. கசிவினால் எழும் விரைவு இவ்வாறு தானே தணிவது அரிது. நண்பர் உறங்கினார். விடிந்ததும் சத்திரசிகிச்சைக் குழுவினரை அழைத்து நிகழ்ந்ததைக் கூறினர். நன்று செய்தீரென்று அவர்களும் சொன்னார்கள்.

இத்தோடு முடிந்திருப்பின் இக்கட்டுரை வேண்டியதில்லை. ஐந்தாம் வாரத்தில் அவருக்கு அடிக்கடி வாந்தி எடுக்கலாயிற்று. அப்பொழுது அவர் அஞ்சவில்லை! "முன்னொருமுறை வீணே பயந்து எல்லாரையும் எழுப்பினேன், இம்முறை வெட்கம்" என்று எவர்க்கும் சொல்லாது பத்து நாள் மறைத்தார். கால்கள் விறைத்தன, நடை தள்ளாடிற்று. மகன்தான், "வாப்பா சுவரைப் பிடித்து நடக்கிறார்" என்று கண்டு சொன்னான்.

நிகழ்ந்தது யாதெனின், தயமின் என்னும் விற்றமின் பீ1 குறைந்துவிட்டது. உடல் இதனை இரண்டு மூன்று வாரங்களுக்கு மேற் சேமித்து வைப்பதில்லை. உண்பது சிறிது, அதனையும் வாந்தியெடுப்பது என்றானபின் சேமிப்பு விரைவில் தீரும். இக்குறைவால் வரும் நோய்க்கு உலகெங்கும் வழங்கும் 'பெரிபெரி' என்னும் பெயர் நம் நாட்டுச் சிங்கள மொழியிலிருந்து சென்றதென்பர். இயலாமை என்பது அதன் பொருள். தீட்டிய வெள்ளரிசியையே உண்டோரிடம் அன்று கண்ட அந்நோயை, சத்திரசிகிச்சை பெற்றோரிடம் இன்று காண்கிறோம். முற்றினால் பார்வை இரட்டிக்கும், அறிவு மயங்கும், மூளை மீளாத சேதமுறும். தயமின் கொடாது குளுக்கோசு மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகலாம். ஆதலின் எந்த வைத்தியசாலைக்குச் சென்றாலும், "எனக்கு இன்ன நாளில் இன்ன சத்திரசிகிச்சை நடந்தது, இத்தனை நாளாக வாந்தி" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லல் வேண்டும். நண்பர் உரிய வேளையில் ஊசிமருந்து பெற்றார். சில வாரங்களில் நடை தேறிற்று.

இரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே நோக்குங்கள். முதலிற் குறியில்லாது அஞ்சினார். பின்னர்க் குறியிருந்தும் அஞ்சவில்லை. இரண்டிற்கும் காரணம் ஒன்றே: உணர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டமை. அச்சத்தின் அளவு ஆபத்தின் அளவு அன்று. அதன்பின் அவர் ஒரு கொப்பி வைத்தார். காலையும் மாலையும் நாடி, வெப்பம், பருகிய நீர், வாந்தி ஆகியவற்றைக் குறித்தார். அவ்விரு வேளை தவிர உடலைச் சோதிப்பதில்லையென்று உறுதி பூண்டார். புதிய குறி தோன்றினால் மட்டுமே விதிவிலக்கு.

இன்னும் சில செய்திகள் அறியத்தக்கன. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றோர் இனிப்பை மிகுதியாக உண்டால், அது சிறுகுடலுக்கு விரைந்து இறங்கிச் சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்று ஆகியவற்றைத் தரும். பெருநாள் வட்டிலப்பத்தில் இரண்டு கரண்டி உண்டு நண்பர் இதனை அனுபவித்தார்; மரணம் வந்ததென்றே நினைத்தாராம்! வந்தது சர்க்கரை. மூன்றாம் நான்காம் மாதத்தில் முடி உதிர்தலும் பலரை வாட்டும்; உணவும் சத்தும் சரியாக இருப்பின் பெரும்பாலும் அது மீண்டும் வளரும். ஆயின் இரும்பு, பீ12, கல்சியம், விற்றமின் டீ ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளலும், காலந்தோறும் குருதிச் சோதனை செய்தலும் இன்றியமையாதன. மாற்றுவழிச் சிகிச்சை பெற்றவர் பல ஆண்டுகள் கழித்தும் திடீரெனக் கடும் வயிற்று வலி கண்டாற் குடல் சிக்கியிருக்கலாமென்று ஐயுற்று விரைதல் வேண்டும். வலிக்கு இபுபுரூபன் போன்ற குளிசைகளைத் தாமே வாங்கி விழுங்குதல் கூடாது, புண் உண்டாகும்.

நோன்பைப் பற்றிய கவலையும் நண்பருக்கு இருந்தது. நோயாளிக்கு மார்க்கத்திற் சலுகை உண்டென்பதை அவர் அறிவார். எனினும் மனம் ஒப்பவில்லை. வைத்தியரைக் கேட்டு, அவர் சொன்னதை மௌலவியிடமும் எடுத்துரைத்து, முதலாண்டு நோன்பைத் தள்ளிவைத்தார். அன்றியும், பலர் கூடி ஒரே தாலத்தில் உண்ணும் விருந்துகளில், "இன்னும் கொஞ்சம்" என்று அன்போடு வைப்போரைத் தடுப்பது எளிதன்று. திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியதே என்பதை அவருடைய விருந்தோம்பிகளுக்கு யான் நினைவூட்டினேன். வகுப்பிற் குறள் ஒப்புவித்த நண்பர் சிரித்தார்.

குறிகளைப் பார்த்து, வழியையும் வகுத்தபின்னும் எஞ்சும் கவலை ஒன்றுண்டு. அதற்கும் மருந்துண்டு. மாலையில் அரைமணி நேரத்தைக் கவலைக்கென ஒதுக்கி, தோன்றுவனவற்றை எழுதிவைத்தல். பிற வேளையில் வருவதை அவ்வேளைக்குத் தள்ளிப்போடுதல். மூச்சை மெல்ல நீளமாக வெளிவிடுதல். வைத்தியர் இசைந்தவாறு கடற்கரையில் நடத்தல். தன்போற் சிகிச்சை பெற்றவரோடு உரையாடல் ஆகியன பயன் தந்தன. "ஒன்றுமில்லைத்தானே?" என்று வீட்டாரை நாளுக்குப் பத்துமுறை கேட்பது மட்டும் பயன் தராது, பெற்ற ஆறுதல் ஒரு மணி நேரமும் நில்லாது.

உறக்கமும் உவகையும் வாரக்கணக்கில் இல்லையாயின் அது மனத்தின் நோய், வெட்கப்பட வேண்டியதன்று. இச்சிகிச்சைக்குப்பின் சிலரிடம் மனச்சோர்வும், தமக்குத் தாமே தீங்கிழைக்கும் எண்ணமும் மிகுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அத்தகையோர் வைத்தியரிடம் வாய் திறந்து சொல்லல் வேண்டும். 1926 என்னும் தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

இறுதியாக, உடனிருப்போருக்கு ஒரு சொல். நள்ளிரவில் அழைப்பவனை நகையாதீர்கள். அன்று நகைத்திருந்தால், பின்னர் உண்மையான இடர் வந்தபொழுது அவன் வாய் திறவான். நண்பர் எம் நகைப்புக்கு அஞ்சவில்லை. தம் வெட்கத்துக்கே அஞ்சினார். அதுவே அவருடைய கால்களை ஏறத்தாழப் பறித்துவிட்டது. இன்று அவர் 84 கிலோ. நீரிழிவு மருந்து குறைந்துள்ளது. விழாவுக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். பந்தியில் அவருக்கு அருகே அமரும் அன்பர்கள் அவர் இலையில் வற்புறுத்தி எதனையும் இடாதிருப்பார்களாக. அவருடைய சட்டைப்பையில் நான்காக மடித்த தாளொன்று இருக்கும். தம் சிகிச்சையின் பெயர், நாள், குறிகள், தொலைபேசி இலக்கங்கள் யாவும் அதில் உள்ளன. கேட்டால் மகிழ்ந்து காட்டுவார்.