புளி தேய்த்த சக்கரவர்த்தி

சென்ற வெள்ளிக்கிழமை அடுத்த வீட்டில் ஒரே ரகளை. சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற மாமா, தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மேஜைமேல் கறுத்துக் கிடந்த ஒரு காசைக் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள் மாமி!

"அழுக்கை எடுத்தது ஒரு குற்றமா?" என்றாள் மாமி.

"அழுக்கா? இரண்டாயிரம் வருஷத்துச் சரித்திரம்டி அது!"

காசை வாங்கிப் பார்த்தேன். டினாரியஸ் என்னும் ரோமாபுரி வெள்ளிக் காசு. எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட டைபீரியஸ் சக்கரவர்த்தியின் தலை. மறுபக்கம் செங்கோலும் மரக்கிளையும் ஏந்தி வீற்றிருக்கும் ஒரு பெண்மணி. அவள் சக்கரவர்த்தியின் தாயார் லிவியா என்று பலர் கருதுகிறார்கள்.

அந்தக் காசு நம் கோயமுத்தூருக்கும் கரூருக்கும் எப்படி வந்தது? மிளகு, முத்து, மெல்லிய துணி இவற்றுக்கு விலையாகத்தான்! இந்தியா, சீனா, அரேபியா மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தைக் கொண்டுபோகின்றன என்று அந்நாளிலேயே பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் புலம்பியிருக்கிறார். நாலு செஸ்டர்ஸ் ஒரு டினாரியஸ். சுகபோகமும் பெண்களுமே இந்தச் செலவுக்குக் காரணம் என்பது அவர் கட்சி. பார்த்தீர்களா, பழியைப் பெண்கள் தலையில் போடும் வழக்கம் அன்றே இருந்திருக்கிறது!

1898-ல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தில் உளிவெட்டு! ஏன் வெட்டினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அந்தக் காசுகள் பொற்கொல்லர் உலைக்குப் போயிருந்தால் கேள்வியே எழுந்திராது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 1878-ம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியிலும் இப்படி ஒரு காசு இருக்கலாம். புளி, எலுமிச்சம்பழம், சாம்பல் எதுவும் வேண்டாம். புளிப்பு மேற்பரப்பை அரிக்கும். தேய்த்தால் எழுத்து மழுங்கும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, உலர்ந்த காகித உறையில் வையுங்கள். எங்கே, எப்போது கிடைத்தது என்று உறையின்மேல் எழுதுங்கள். அந்த ஒரு வரி இல்லாத காசு, ஊர் பேர் தெரியாத அனாதைதான்.

மாமா இத்தனையும் சொல்லி முடித்ததும் மாமி கேட்டாள்:

"எல்லாம் சரி. அவ்வளவு பெரிய சக்கரவர்த்தியை மூக்குப்பொடி டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்தது யாராம்?"

மாமா உறை தேடப் போய்விட்டார்.