மைசூர்பாகு யாருக்குச் சொந்தம்? பெயருக்கு உரிமைப் போட்டி. பழைய பதத்துக்கு ஏக்கம்

புது தில்லி: தமிழ் வார இதழ்களின் தீபாவளிச் சிறப்பிதழ்களில் ஒரு காலத்தில் தவறாமல் இடம்பெற்ற நகைச்சுவைத் துணுக்கு ஒன்று உண்டு. மனைவி செய்த மைசூர்பாகை உடைப்பதற்குக் கணவர் சுத்தியலைத் தேடுவார். இன்றைய இளைஞர்களுக்கு அந்தத் துணுக்கு விளங்குவது கடினம். அவர்கள் அறிந்த மைசூர்பாகு வாயில் வைத்ததும் கரைந்துவிடுகிறது.

கடித்தால் மொறுமொறுப்பாக நொறுங்கும் பழைய மைசூர்பாகு எங்கே போயிற்று என்ற ஏக்கம் ஒருபுறம். அந்தப் பெயர் எந்த மாநிலத்துக்கு உரியது என்ற சர்ச்சை மறுபுறம். இவ்விரண்டும் சந்திக்கும் இடம், 1999-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய பொருள்களின் புவிசார் குறியீடு (பதிவு மற்றும் பாதுகாப்பு) சட்டம்.

அரண்மனை அடுக்களை: நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரை ஆண்ட காலத்தில், அரண்மனைச் சமையற்காரரான காகாசுர மாதப்பா கடலை மாவு, நெய், சர்க்கரை மூன்றையும் சேர்த்து ஒரு புதிய இனிப்பைச் செய்தார் என்பது மைசூரில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வரலாறு. சுவைத்து மகிழ்ந்த மன்னர் பெயர் கேட்க, ஊரின் பெயரோடு பாகையும் சேர்த்து "மைசூர் பாகா" என்றாராம் மாதப்பா. கன்னடத்தில் "பாகா" என்றால் சர்க்கரைப் பாகு. தமிழில் நாம் பாகு என்பதும், நளபாகம் என்பதும் இதற்கு உறவான சொற்களே.

மாதப்பாவின் வழிவந்தவர்கள் நடத்தும் குரு ஸ்வீட்ஸ் கடை, மைசூர் சயாஜி ராவ் சாலையில், தேவராஜ மார்க்கெட்டை ஒட்டி உள்ளது. விஜயதசமி நாளில் அரண்மனையிலிருந்து பன்னிமண்டபத்துக்குச் செல்லும் புகழ்பெற்ற யானை ஊர்வலம் இந்தச் சாலை வழியேதான் நடைபெறுகிறது. தசரா பார்க்க வரும் தமிழகப் பயணிகள் பலர், கையில் ஒரு மைசூர்பாகு பொட்டலத்துடன்தான் ஊர் திரும்புகின்றனர்.

பொங்கும் நெய், சிவக்கும் நடுப்பகுதி: மூன்றே பொருள்கள் என்றாலும் கைப்பழக்கம் இல்லாதவர்களுக்கு மைசூர்பாகு எளிதில் வசப்படாது. சர்க்கரையைக் கம்பிப் பதத்தில் காய்ச்சி, கடலை மாவைத் தூவிக் கட்டி தட்டாமல் கிளற வேண்டும். பக்கத்து அடுப்பில் நெய் நன்கு காய்ந்துகொண்டிருக்க வேண்டும். அதைக் கரண்டி கரண்டியாக ஊற்றும்போது கலவை பொங்கி நுரைக்கிறது. அந்த நுரைக் குமிழ்கள்தான் பின்னர் தேன்கூடு போன்ற துளைகளாக நின்றுவிடுகின்றன. தாம்பாளத்தில் கொட்டியதும் மேற்புறமும் ஓரங்களும் விரைவில் ஆறிவிட, நடுப்பகுதி உட்சூட்டிலேயே வெந்து சிவக்கிறது. மேலும் கீழும் வெளிர் மஞ்சளாகவும் நடுவில் செம்பழுப்பாகவும் இருப்பதுதான் பழையவர்கள் கூறும் நல்ல மைசூர்பாகின் அடையாளம். ஒரு நிமிடம் முந்தி இறக்கினால் அல்வா. ஒரு நிமிடம் பிந்தினால் சுத்தியல்.

மென்மையான வகைக்குத் தமிழகத்தில் பெரும் பெயர் தேடித் தந்தது கோவை. 1948-இல் மகாதேவ ஐயர் தொடங்கிய ஸ்ரீ கிருஷ்ணா ஸ்வீட்ஸ் நிறுவனம் "மைசூர்பா" என்ற பெயரில் விற்ற நெய் மிகுந்த இனிப்பு, தமிழர் வாழும் நாடுகளுக்கெல்லாம் சென்றது. கர்நாடகத்திலோ, அரசு ஆதரவு பெற்ற பால் கூட்டுறவுக் கூட்டமைப்பே "நந்தினி" பெயரில் மைசூர்பாகு தயாரித்து விற்கிறது.

இரு கட்சிகள்: மொறுமொறுப்பானதே அசல் என்போர் ஒரு கட்சி. பாகும் நுரையும் இல்லாமல் நெய்யை மட்டும் கூட்டினால் அது மைசூர்பாகு ஆகாது என்பது இவர்கள் வாதம். கரைவதே சிறப்பு என்போர் மறு கட்சி. கெட்டியானதைப் புகழும் தலைமுறைக்கு இன்று அதைக் கடிக்கப் பல் இல்லை என்று இவர்கள் கேலி செய்வதுண்டு.

ஆனால், மைசூரிலேயே மாதப்பாவின் வாரிசுகள் விற்கும் மைசூர்பாகு கல்லைப் போன்றதன்று. நெய் கசியக் கசிய, விரலால் விண்டாலே உதிரக்கூடியது. நெய் அரிதாக இருந்த நாள்களில் நடுத்தரக் குடும்பங்கள் அதன் அளவைக் குறைத்தன. பலர் வனஸ்பதியைப் பயன்படுத்தினர். வீட்டு அடுப்பில் பாகும் சற்று முற்றிவிடும். நாம் அசல் என்று ஏங்கும் மைசூர்பாகில் ஒரு பகுதி, அரண்மனைப் பதம் அன்று, சிக்கனத்தின் பதம். அதனால் அந்த ஏக்கம் பொய்யாகிவிடாது. அது மைசூரைப் பற்றிய நினைவாக இல்லாமல், அம்மாவைப் பற்றிய நினைவாக இருக்கலாம்.

வேடிக்கை வினையானது: 2019 செப்டம்பரில், மைசூர்பாகுக்கான புவிசார் குறியீடு தமிழகத்துக்கு வழங்கப்பட்டுவிட்டதாக, மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனுடன் எடுத்த படத்தோடு ஒருவர் சமூக வலைதளத்தில் வேடிக்கையாகப் பதிவிட்டார். அதை உண்மை என நம்பிய கர்நாடகத்தில் எதிர்ப்புக் குரல்கள் எழுந்தன. அப்போது அந்தப் பெயர் எந்த மாநிலத்தின் பேரிலும் பதிவாகியிருக்கவில்லை.

2025 மே மாதம், பஹல்காம் தாக்குதலையும் அதைத் தொடர்ந்த ராணுவ நடவடிக்கையையும் அடுத்து, ஜெய்ப்பூரில் சில இனிப்புக் கடைகள் "மைசூர் பாக்" என்ற பெயரை "மைசூர் ஸ்ரீ" என்று மாற்றின. பாகுக்கும் பாகிஸ்தானுக்கும் தொடர்பில்லை என்றும், பெயரை மாற்றக் கூடாது என்றும் மாதப்பாவின் குடும்பத்தினர் கேட்டுக்கொண்டனர். 2014 நவம்பர் 1 முதல் நகரின் பெயரே அதிகாரபூர்வமாக மைசூரு ஆகிவிட்ட பிறகும், இனிப்பின் பெயர் மட்டும் மக்கள் நாவில் மாறாமல் நின்றது.

சட்டம் சொல்வது என்ன? 2003 செப்டம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்கீழ், நாடு முழுவதற்குமான பதிவகம் சென்னையில் இயங்குகிறது. மைசூர் பட்டு, மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, மைசூர் சந்தன சோப்பு ஆகியவை ஏற்கெனவே பதிவு பெற்றவை. ஆனால், ஓர் ஊரின் பெயர் அதன் பழைய பொருளை இழந்து, அப்பொருளின் பொதுப் பெயராகவே மாறிவிட்டால் பதிவு செய்ய முடியாது என்கிறது 9-ஆவது பிரிவு. கோவையிலும் சென்னையிலும் மும்பையிலும் கிண்டும் இனிப்புக்கு மைசூர்பாகு என்பது அத்தகைய பொதுப் பெயராகிவிட்டதா என்பதே பதிவு கோருவோர் சந்திக்க வேண்டிய முதல் கேள்வி.

ரசகுல்லா விவகாரத்தில் இதற்கு வழி கிடைத்தது. 2017-இல் மேற்கு வங்கத்தின் வகையும், 2019-இல் ஒடிசாவின் வகையும், ஊர்ப்பெயரை முன்னே சேர்த்துத் தனித்தனியே பதிவாயின. மைசூர்பாகில் ஊர்ப்பெயர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. "மைசூர் மைசூர்பாகு" என்றா பதிவு செய்வது?

இரண்டாவது கேள்வி இன்னும் கடினமானது. செய்முறையையும் தனித்தன்மையையும் விண்ணப்பத்தில் வரையறுத்துக் கூற வேண்டும். 2020-இல் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு இதில் பெரிய சிக்கல் எழவில்லை. நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த மிட்டாய் எப்படி இருக்க வேண்டும் என்பதில் ஊராரிடையே கருத்து வேறுபாடு இல்லை. மைசூர்பாகுக்கோ, நெய் எவ்வளவு, நுரை எவ்வளவு, மொறுமொறுப்பா மென்மையா என்பதை முதலில் யாராவது தீர்மானிக்க வேண்டும்.

கமர்கட்டுக்கும் ஜவ்வு மிட்டாய்க்கும் உரிமை கோரி எந்த மாநிலமும் சண்டையிடவில்லை. அவை பெட்டிக்கடைப் புட்டிகளிலிருந்து ஓசையின்றி மறைந்து வருகின்றன. மைசூர்பாகுக்கு அந்த ஆபத்து இல்லை. அதன் பெயர் பிழைத்துக்கொள்ளும். நடுவில் சிவந்து, தேன்கூடாகத் துளைவிட்டு நிற்கும் அந்தப் பதம் பிழைக்குமா என்பதுதான் கேள்வி. காய்ந்த நெய்யை எந்த நொடியில் நிறுத்த வேண்டும் என்று அறிந்த கைகள் குறைந்து வருகின்றன. அந்த நொடியை எந்தப் பதிவேட்டிலும் எழுதி வைக்க முடியாது; அடுப்பருகே நின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்ள முடியும்.